டூயல் டர்ன்டேபிளும் ஸ்டைடிங்கர் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் என்றாவது ஒருநாள் 'டூயல்' என்ற பெயர் பொறித்த ஜெர்மன் டர்ன்டேபிள் ஒன்றை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவியை, சந்திக்காமல் இருப்பது அரிது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரே மலையூரில் முக்கால் நூற்றாண்டு வேலை செய்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றியும், அதன் தொழிலைப் பற்றியும், கையில் இருக்கும் கருவியைப் பற்றியும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

டூயல் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் யார்?

கிறிஸ்டியான் ஸ்டைடிங்கர், யோசெஃப் ஸ்டைடிங்கர் என்ற இரு சகோதரர்கள். தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் உள்ள சாங்க்ட் கெயோர்கன் என்ற சிற்றூரில், 1907ஆம் ஆண்டில், கடிகாரங்களுக்கும் கிராமபோன்களுக்கும் வேண்டிய நுண்பாகங்களைச் செய்யும் பட்டறையாக அதைத் தொடங்கினார்கள். அப்போது 'டூயல்' என்ற பெயர் கிடையாது. 'கெப்ரூடர் ஸ்டைடிங்கர்', அதாவது ஸ்டைடிங்கர் சகோதரர்கள் என்பதே நிறுவனத்தின் பெயர். நாம் ஆங்கில வழக்கில் டூயல் என்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் 'டுவால்' என்பார்கள்.

ஒரு மலையூரில் ஏன் இப்படியொரு தொழில் வேரூன்றியது?

இதற்கு விடை காண ஸ்டைடிங்கர் சகோதரர்களுக்கும் முன்னால் செல்ல வேண்டும். கருங்காட்டில் குளிர்காலம் நீளமானது. பனி மூடிய மாதங்களில் வயலில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் உழவர் குடும்பங்கள் வீட்டிலேயே மரத்தில் பற்சக்கரம் கடைந்து சுவர்க்கடிகாரங்கள் செய்தன. குயில் கூவும் கடிகாரம் உலகப் புகழ் பெற்றது இந்த வட்டாரத்தால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களில் செய்த மலிவான கடிகாரங்கள் வந்து இந்தக் கைத்தொழிலை நெருக்கியபோது, அந்தப் பகுதியை ஆண்ட பாடன் அரசு 1850ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஃபுர்ட்வாங்கன் ஊரில் கடிகாரத் தொழிற்பள்ளி ஒன்றைத் திறந்தது. அதன் முதல் தலைவர் ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர். சாங்க்ட் கெயோர்கன் வழியாகச் செல்லும் கருங்காட்டு மலை ரயில்பாதையை வடிவமைத்தவரும் அவரே. அந்தப் பாதை 1873ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. கற்றுத் தேர்ந்த கைகளும் சரக்கை வெளியே கொண்டுபோக ரயிலும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு, அங்கே பட்டறைகள் பெருகியதில் வியப்பில்லை.

கடிகாரம் செய்யத் தெரிந்தவருக்குக் கிராமபோன் மோட்டார் அந்நியமான பொருள் அல்ல. சாவி கொடுத்து இறுக்கிய சுருள்வில் மெல்ல விரிகிறது. பற்சக்கரங்கள் அந்த விசையைத் தட்டுக்குக் கொண்டு செல்கின்றன. சுழலும் சிறு எடைகளைக் கொண்ட கவர்னர் வேகம் மிகாமலும் குறையாமலும் காக்கிறது. கடிகாரத்தில் ஒரு நொடி பிசகினால் யாரும் உடனே உணர்வதில்லை. இசைத்தட்டில் வேகம் சற்று அலைந்தாலும் பாடுகிறவரின் குரல் நடுங்குவதைக் காது கண்டுகொள்ளும். ஆகவே கிராமபோன் மோட்டார், கடிகாரத்தைக் காட்டிலும் கடுமையான தேர்வு என்றே நான் சொல்வேன்.

சகோதரர்கள் சேர்ந்தே தொழில் நடத்தினார்களா?

சில ஆண்டுகள் மட்டுமே. 1911ஆம் ஆண்டில் யோசெஃப் விலகி, அதே ஊரில் 'பெர்பெட்டும்' என்ற பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். அதுவும் கிராமபோன் மோட்டார்களையே செய்தது. கிறிஸ்டியான் பழைய நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1930களில் பெர்பெட்டும் நிறுவனத்தின் பெயரோடு எப்னர் என்ற பெயரும் சேர்ந்து 'பெர்பெட்டும்-எப்னர்' ஆனது. பழைய கருவிகளில் 'பிஇ' என்று காணப்படும் எழுத்துகள் அதன் சுருக்கம்தான். இவ்வாறு, ஒரு குடும்பத்திலிருந்து கிளைத்த இரண்டு தொழிற்சாலைகள் ஒரே சிற்றூரில், ஒரே பொருளில், ஏறத்தாழ 60 ஆண்டுகள் போட்டியிட்டன. உலக இசைக்கருவித் தொழிலின் வரலாற்றில் இத்தகைய அண்டைவீட்டுப் போட்டி வேறெங்கும் இவ்வளவு நீண்டதாக நான் கண்டதில்லை.

'டூயல்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு மோட்டாரிலிருந்து. 1920களில் நகரங்களில் மின்சாரம் பரவிக்கொண்டிருந்தது, ஆனால் எல்லா வீடுகளுக்கும் வந்துவிடவில்லை. வந்த இடங்களிலும் ஓர் ஊரில் நேர்மின்னோட்டம், அடுத்த ஊரில் மாறுமின்னோட்டம், மின்னழுத்தமும் ஊருக்கு ஊர் வேறு என்ற நிலை இருந்தது. கிராமபோன் வாங்குகிறவர் மின்மோட்டார் வாங்குவதா, சாவி கொடுப்பதை வாங்குவதா என்று தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு விடையாக 1927ஆம் ஆண்டில் ஸ்டைடிங்கர் நிறுவனம் இரண்டையும் ஒரே சட்டத்தில் அமைத்த மோட்டாரைக் கொண்டுவந்தது: மின்சாரம் இருந்தால் அதில் ஓடும், இல்லாவிட்டால் சுருள்வில்லில் ஓடும். இருவகையில் இயங்குவதால் அதற்கு 'டூயல்' மோட்டார் என்று பெயரிட்டார்கள். பொருளின் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராக நிலைத்தது.

குடும்பப் பெயரைப் பின்னால் நிறுத்திவிட்டுப் பொருளின் பெயரை முன்னால் வைக்க எல்லாக் குடும்பத் தொழில்களுக்கும் மனம் வருவதில்லை. இவர்களுக்கு வந்தது, அது நல்ல முடிவாகவும் அமைந்தது.

மோட்டார் செய்தவர்கள் முழு டர்ன்டேபிள் செய்யத் தொடங்கியது எப்போது?

1930களின் நடுவில், பொதுவாக 1935 என்று குறிக்கப்படுகிறது. அதுவரை அவர்களுடைய மோட்டார்கள் பிறருடைய பெட்டிகளுக்குள் சென்றன. அதன்பின் தட்டைத் தாங்கிச் சுழலும் மேடை, ஊசியைத் தாங்கும் ஒலிக்கரம், மோட்டார் அனைத்தும் சேர்ந்த கருவிகள் டூயல் பெயரிலேயே வெளிவந்தன.

போருக்குப் பிறகு நிறுவனம் எவ்வாறு மீண்டது?

போர் முடிந்தபோது தென்பாடன் பகுதி பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இருந்தது. தொடக்க ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. திருப்பம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டில் நீண்டநேர இசைத்தட்டும், 1949ஆம் ஆண்டில் நிமிடத்துக்கு 45 சுழற்சிச் சிறுதட்டும் அறிமுகமாயின. 78 சுழற்சி மட்டுமே அறிந்திருந்த கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழையவையாயின. புதிய வேகங்களுக்கும் மெல்லிய ஊசிக்கும் ஏற்ற கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் தேவைப்பட்டது.

அதே ஆண்டுகளில் ஜெர்மன் வீடுகளின் கூடத்தில் வானொலியும் ரிக்கார்டு பிளேயரும் ஒன்றாக அமைந்த பெரிய மரப்பேழை இடம்பிடித்தது. அந்தப் பேழையை எந்த வானொலி நிறுவனம் விற்றிருந்தாலும், மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது பெரும்பாலும் டூயல் அல்லது பிஇ நிறுவனத்தின் தானியங்கித் தட்டுமாற்றி. பல தட்டுகளை நடுக்கம்பியில் அடுக்கிவைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து பாடும் அமைப்பே தட்டுமாற்றி. ஸ்டைடிங்கர் குடும்பத்தின் வளர்ச்சிக்கு அடித்தளம் இட்டது இந்த வாணிகம்தான். உச்சக் காலத்தில் டூயல், ஐரோப்பாவின் மிகப் பெரிய டர்ன்டேபிள் உற்பத்தியாளராக, பல ஆலைகளில் 3,000க்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. சாங்க்ட் கெயோர்கன் ஊரின் மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 13,000தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்; அங்கே டூயலோடு தொடர்பில்லாத வீட்டைக் காண்பதே கடினமாக இருந்திருக்கும்.

1019, 1219 போன்ற மாடல்களை ஆர்வலர்கள் ஏன் இன்னும் போற்றுகிறார்கள்?

தட்டுமாற்றி என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் 1960களில் வலுவாக இருந்தது. தானாக இயங்கும் கருவியில் ஒலிக்கரத்தோடு பல நெம்புகோல்கள் இணைந்திருக்கும். அவை கரத்தை இழுத்தால் ஊசி பள்ளத்தின் ஒரு சுவரைத் தேய்க்கும். உயர்தரம் வேண்டுவோர் கையால் இயக்கும் கருவியையே நாடினர். டூயலின் பொறியாளர்கள் இந்தக் கருத்தை மாற்றியே தீர வேண்டும் என்று வேலை செய்தார்கள். 1960களின் நடுவில் வந்த 1009, 1019 ஆகியவையும், பத்தாண்டின் முடிவை ஒட்டி வந்த 1219 மாடலும் அந்த உழைப்பின் பலன்கள்.

அந்த இயக்கத்தைச் சற்று விளக்குவது நல்லது, ஏனெனில் இந்த நிறுவனத்தின் திறமை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் மிகச் சிறிய தூரமே உள்நோக்கி நகர்கிறது. பாட்டு முடிந்த பிறகு வரும் கடைசிப் பள்ளம் அகன்ற இடைவெளியில் வெட்டப்பட்டிருப்பதால், கரம் திடீரென வேகமாக உள்ளே செல்கிறது. கரத்தோடு மிக லேசாகத் தொடர்புகொண்ட சிறு தகடு ஒன்று, தட்டுமேடையின் அடியில் உள்ள பல்லை ஒவ்வொரு சுற்றிலும் மெல்லத் தொட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். கரம் வேகமாக நகர்ந்தால் மட்டும் அது பின்வாங்க முடியாமல் பல்லில் மாட்டிக்கொள்ளும். அந்த நொடியில் பெரிய பற்சக்கரம் ஒன்று மேடையின் விசையைப் பெற்று ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதன் மேற்பரப்பில் வெட்டப்பட்ட வளைவுகள் கரத்தைத் தூக்கி, வெளியே கொண்டுபோய், அடுத்த தட்டை விழச்செய்து அல்லது மோட்டாரை நிறுத்தி, மீண்டும் பழைய நிலைக்கு வருகின்றன. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லை, ஒரே மோட்டார், எஞ்சியது முழுவதும் கடிகாரக்காரர்களின் கணக்கு.

1219 மாடலில் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள 12 அங்குல மேடையும், நான்கு முனைகளில் தாங்கப்பட்டு இரு திசைகளிலும் தடையின்றி அசையும் ஒலிக்கரமும் இருந்தன. கரத்தின் அடிப்பகுதியை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு நெம்புகோல் உண்டு: ஒற்றைத் தட்டுக்கு ஒரு நிலை, அடுக்குக்கு இன்னொரு நிலை. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரச் சேர ஊசியின் கோணம் மாறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒற்றைத் தட்டுக்கான குட்டை நடுக்கம்பி, தட்டோடு சேர்ந்தே சுழலும். தட்டின் துளை தேயாது. வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழும் உண்டு. ஜெர்மனியில் 1960களில் வகுக்கப்பட்ட டிஐஎன் 45500 என்ற ஹை-ஃபை (உயர்தர ஒலி) தர அளவைத் தானியங்கிக் கருவியாலும் எட்ட முடியும் என்று இவை காட்டின. அமெரிக்காவில் டூயலுக்குக் கிடைத்த பெயர் இந்த வரிசையால் கிடைத்ததே.

பிரிந்த இரண்டு நிறுவனங்களும் மீண்டும் சேர்ந்தனவா?

ஆம். 1970களின் தொடக்கத்தில் டூயல், பெர்பெட்டும்-எப்னர் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அதன்பின் பிஇ பெயரில் வந்த கருவிகளைத் திறந்து பார்த்தால் டூயலின் அமைப்பையே காணலாம். யோசெஃப் பிரிந்து சென்றபோது தொடங்கிய போட்டி இவ்வாறு முடிவுக்கு வந்தது. அண்ணன் தம்பிக்குள் நடந்த சமரசமாக இதைச் சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. ஜப்பானிய நிறுவனங்கள் ஐரோப்பிய அங்காடிக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரே ஊரில் இரண்டு ஆலைகள் தனித்தனியே தாங்க முடியாது என்ற வணிகக் கணக்கே அதில் முதன்மையாக இருந்தது.

டூயலை வீழ்த்தியது சிடி-யா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் பல இடங்களில் இப்படியே எழுதப்படுகிறது. சிடி ஜப்பானில் 1982 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வந்தது 1983ஆம் ஆண்டில். டூயல் திவாலானது 1982ஆம் ஆண்டு. அதாவது சிடி ஒரு ஜெர்மன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நிறுவனம் வீழ்ந்துவிட்டது.

உண்மைக் காரணங்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கின. ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் 1970ஆம் ஆண்டில் டெக்னிக்ஸ் எஸ்பி-10 என்ற நேரடி இயக்க டர்ன்டேபிளை வெளியிட்டது. மோட்டாரின் அச்சே மேடையின் அச்சு, நடுவில் ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ இல்லை. டூயல் சோர்ந்துவிடவில்லை, 1973ஆம் ஆண்டிலேயே 701 என்ற தன் நேரடி இயக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அந்தக் கருவி இன்றும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆகவே தொழில்நுட்பத்தில் அவர்கள் பின்தங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

பின்தங்கியது செலவில். குடும்பம் பெருமையாக வளர்த்த முறை, வேண்டிய பாகங்களைக் கூடியவரை தன் ஆலைகளிலேயே, தன் ஊர் மக்களைக்கொண்டே செய்வது. டர்ன்டேபிள் முழுவதும் இயந்திர நுட்பமாக இருந்தவரை அது ஈடற்ற வலிமை. ஆனால் நெம்புகோல்களும் வளைவுகளும் செய்த வேலையை மின்னணுச் சில்லுகள் செய்யத் தொடங்கியபோது, அந்த வலிமைக்குச் சந்தையில் விலை குறைந்தது. ஜெர்மன் ஊதியம் உயர்ந்தது. மார்க் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் ஏற்றுமதி விலையும் ஏறியது. ஜப்பானியக் கருவிகள் குறைந்த விலையில் நல்ல தரத்தோடு வந்தன. டூயல் ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், வீடியோ என்று விரிந்தது. அந்தத் துறைகளில் அதற்கு ஜப்பானியர்களைவிட மேலான எதுவும் கையில் இல்லை. எந்தப் பண்பு இந்தக் குடும்பத்தை உயர்த்தியதோ அதுவே கடைசியில் சுமக்க முடியாத செலவாயிற்று என்பது என் கணிப்பு. அவர்களைக் குறைசொல்ல அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஏனெனில் 3,000 பேருக்கு வேலை கொடுத்த ஆலைகளை மூடிவிட்டு வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிப் பொருத்துவது எளிதில் எடுக்கக்கூடிய முடிவல்ல.

1982க்குப் பிறகு அந்தப் பெயர் யாரிடம் சென்றது?

முதலில் பிரெஞ்சு நிறுவனமான தாம்சனிடம். அதே ஆண்டுகளில் அது சாபா, நார்ட்மெண்டே, டெலிஃபுங்கன் என்று ஜெர்மன் நிறுவனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டிருந்தது. 1988ஆம் ஆண்டில் பவேரியாவைச் சேர்ந்த ஷ்னைடர் நிறுவனம் டூயல் பெயரைப் பெற்றது. டர்ன்டேபிள் உற்பத்தியை மட்டும் 1993ஆம் ஆண்டில் சாங்க்ட் கெயோர்கனிலேயே இருந்த ஃபெஹ்ரன்பாஹர் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, சிறிய அளவில் அதே ஊரில் தொடர்ந்தது. ஷ்னைடர் 2002ஆம் ஆண்டில் தானே திவாலாகியது. டூயல் என்ற பெயர் பின்னர் பல கைகளுக்குப் பிரிந்து சென்றதால், இன்று அந்தப் பெயர் ஒட்டிய எல்லாக் கருவிகளும் அந்த ஊரில் செய்யப்பட்டவை அல்ல. புதிதாக வாங்குகிறவர் உற்பத்தியான இடத்தைக் கேட்டறிவது நல்லது. பழைய கருவிகளை ஒருசேரக் காண விரும்புகிறவர்களுக்கு சாங்க்ட் கெயோர்கனில் ஜெர்மன் ஃபோனோ அருங்காட்சியகம் இருக்கிறது.

இதுபோன்ற வேறு குடும்ப நிறுவனங்கள் இருந்தனவா?

மிக நெருங்கிய ஒப்புமை சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ். ஹெர்மன் தோரன்ஸ் 1883ஆம் ஆண்டில் செயின்ட்-க்ருவா என்ற மலையூரில் இசைப்பெட்டிகள் செய்யத் தொடங்கினார்; அவருடைய நிறுவனம் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட டிடி 124 இன்றும் பெரும் விலைக்குப் போகிறது. கடிகாரமும் இசைப்பெட்டியும் செய்த மலைவட்டாரங்களே டர்ன்டேபிள் தொழிலின் தாய்வீடாக இருந்தன என்பதற்கு அது இன்னொரு சான்று.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டூயலை இந்தியாவில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் மின்னழுத்தத்தை மாற்றுவது மட்டும் போதாது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, இந்தியாவிலும் இலங்கையிலும் 50. ரப்பர் சக்கரம் அல்லது பெல்ட் கொண்டு இயங்கும் மாடல்களில் மோட்டாரின் வேகம் இந்த எண்ணைப் பின்பற்றுகிறது. 60 சுழற்சிக்கான கப்பியோடு இங்கே ஓட்டினால் 33⅓ சுற்றுக்குப் பதிலாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.8 சுற்றுதான் கிடைக்கும். பாட்டு இழுவையாகவும் கனத்த குரலிலும் ஒலிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தும் பாட்டு சரியாகவில்லை என்று வருந்துகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். மோட்டார் அச்சில் உள்ள கப்பியை 50 சுழற்சிக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும். 701 போல மின்னணு முறையில் வேகம் கட்டுப்படுத்தப்படும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தானியங்கி இயக்கம் வேலை செய்யவில்லை, கருவி பாழாகிவிட்டதா?

அநேகமாக இல்லை. இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பழைய கிரீஸ். அது நாள்பட மெழுகாக இறுகி நெம்புகோல்களைப் பிடித்துக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிய கிரீஸை மிகக் குறைவாக இட வேண்டும். ரப்பர் சக்கரத்தின் விளிம்பையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம், ஆனால் அதன்மேல் எண்ணெய் படவே கூடாது. கரம் நகர்ந்துகொண்டிருக்கும்போது அதைக் கையால் பிடித்து நிறுத்துவதும் கூடாது.

இரண்டாவது, 'ஸ்டொயர்பிம்பல்' என்று ஜெர்மன் பழுதுபார்ப்பவர்கள் அழைக்கும் மிகச் சிறிய ரப்பர் உறை. பெரிய பற்சக்கரத்தின் மேல் நகரும் நெம்புகோலின் முனையில் அரிசி அளவே உள்ள அந்த உறை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடிந்து உதிர்ந்துவிடும். அது இல்லாவிட்டால் கரம் எழும், ஆனால் தட்டுக்குச் செல்லாது. அல்லது சென்ற உடனே திரும்பிவிடும். சைக்கிள் டியூப் வால்வில் போடும் மெல்லிய ரப்பர் குழாயிலிருந்து சில மில்லிமீட்டர் வெட்டி அந்த முனையில் செருகினால், ஐம்பது ஆண்டு பழைய கருவி மீண்டும் தானாகத் தன் கரத்தைத் தூக்கித் தட்டின் தொடக்கத்தில் இறக்கும்.